பாயும் நாய்க்குப் பாசமே கடிவாளம்

கே: கோட்டைப் பக்கம் வாக்கிங் போனால், தெருநாய்களைக் கண்டதும் எங்கள் சிப்பிப்பாறை பாய்கிறான். அடக்குவது எப்படி?
– வாசகி, செஞ்சி

ப: அடிக்காதீர்கள், சங்கிலியைச் சுண்டி இழுக்காதீர்கள். பெரும்பாலும் அது வீரமல்ல, பயம். கழுத்து வலித்தால், ‘அந்த நாய் வந்தாலே வலிதான்’ என்று மனதில் பதிந்துவிடும். மற்ற நாயைப் பார்த்தும் குரைக்காத தூரம் எதுவோ, அங்கேயே நில்லுங்கள். பார்த்த நொடியில் அவித்த கோழித்துண்டு ஒன்று கொடுங்கள். அந்த நாய் மறைந்ததும் நிறுத்துங்கள். உடம்பு விறைத்து, பார்வை குத்திட்டு நின்றால் சத்தமில்லாமல் திரும்பி நடங்கள். தூரத்தை வாரக்கணக்கில் மெல்லக் குறையுங்கள். உங்கள் ஊர்க் கோட்டையைப் பிடிக்க மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை காத்துக் கிடந்தது. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆகாது. வெறிநாய்த் தடுப்பூசியை மட்டும் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.