தனக்குத்தானே காசுக்கட்டளை

மாதக் கடைசிக்குள் பாவிக்காவிட்டால் உங்கள் பொயின்ற்ஸ் காலாவதியாகிவிடும் என்று கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியைப் படித்துவிட்டு அமைதியாக இருக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. காலாவதியாவதற்கு அது என்ன இருமல் மருந்தா? காசு கொடுத்தோம், அரிசி வாங்கினோம், சோறாக்கிச் சாப்பிட்டும் முடிந்தது. அந்தக் கொடுக்கல் வாங்கலில் இன்னும் ஏதோ மிச்சம் கிடக்கிறதாம். அதை எடுக்கத் திரும்பவும் கடைக்கு வரவேண்டுமாம். வராவிட்டால் நட்டம் எங்களுடைய கவனக்குறைவால் வந்ததாம். இந்தக் கிழமை வந்த குறுஞ்செய்தியின் சூடு ஆறுமுன்னர் எழுதுவதால் கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். அச்சுவேலிச் சந்தையில் கத்தரிக்காய் விற்கிற விலைக்கும் இந்தப் பொயின்ற்ஸுக்கும் இருக்கிற தொடர்பை விளக்குவதுதான் என் நோக்கம். அதற்கு முன் ஒன்றிரண்டு விசயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

நல்லூர்க் கொடியேற்றத்தை ஒட்டி வருகிற கனடாக்காரரிடம் பயணம் எப்படி என்று ஒருதரும் கேட்கக்கூடாது. "முழுக்கப் பொயின்ற்ஸில்தான் வந்தனாங்கள்" என்ற பதில் வரும், அதைத் தொடர்ந்து ஒரு மணித்தியாலம் வகுப்பு நடக்கும். ரொறன்ரோவில் மருந்துக்கடை என்பது மருந்து வாங்குகிற இடம் அல்ல என்பது அந்த வகுப்பின் முதற் பாடம். சொப்பர்ஸ் ட்ரக் மார்ட் என்ற மருந்துக்கடைச் சங்கிலியின் புள்ளித் திட்டமும் அதன் சொந்தக்காரரான லொப்லோவின் திட்டமும் 2018 இல் ஒன்றாக்கப்பட்டன. 10,000 புள்ளி சேர்ந்தால் 10 டொலர். இருபது மடங்கு புள்ளி கொடுக்கிற நாட்கள் உண்டு. அந்த நாள் வரும்வரை வீட்டில் சம்போ முடிந்தாலும் போத்தலுக்குள் தண்ணீர் விட்டுக் குலுக்கிக்கொண்டு காத்திருக்கிற குடும்பங்கள் உண்டு. அமெரிக்காவில் இந்தக் கலை இன்னும் ஒரு படி மேலே போனது. மருந்துக்கடையில் செலவழித்தால் 5 வீதம் திருப்பித் தருகிற கடன் அட்டை ஒன்று அங்கே இருந்தது. அதைக் கொண்டுபோய் அதே மருந்துக்கடையில் 500 டொலர் பெறுமதியான முன்கட்டண அட்டையை, ஐந்தாறு டொலர் மேலதிகக் கட்டணத்தோடு வாங்குவது. அந்த அட்டையால் காசுக்கட்டளை வாங்குவது. காசுக்கட்டளையைத் தன் சொந்தக் கணக்கில் வைப்பிலிடுவது. அந்தக் காசால் முதல் அட்டையின் கடனைக் கட்டுவது. கட்டியவுடன் திரும்பவும் மருந்துக்கடை. ஒரு பனடோல்கூட வாங்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு தம்பதி 2013, 2014 ஆகிய இரண்டு வருடத்தில் 64 இலட்சம் டொலருக்கு மேல் இப்படிச் சுற்றவிட்டு 3 இலட்சம் டொலருக்கு மேல் வெகுமதி எடுத்தார்கள். வரித் திணைக்களம் அது வருமானம் என்று வரி கேட்டது, விடயம் நீதிமன்றம் போனது. அட்டை என்பது ஒரு பொருள், பொருளை வாங்கிக் கிடைத்த கழிவு வருமானம் ஆகாது என்று 2021 இல் வரி நீதிமன்றம் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தது.

இதை அச்சுவேலியில் செய்து பார்க்கலாமே என்று கேட்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். செய்யலாம். ஆனால் நடக்கப்போவதைப் படிப்படியாக யோசிக்கவேண்டும். சந்தியில் இருக்கிற பாமசிக்குப் போய் "ஒரு இலட்சம் ரூபாவுக்குக் காட் தாங்கோ" என்று கேட்கிறீர்கள். பாமசிக்காரர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "என்ன மருந்து ஐயா, எத்தினை காட்?" என்பார். மருந்தில்லை, காசுக் காட் என்று நீங்கள் விளங்கப்படுத்துவீர்கள். பின்னால் நிற்கிற இரண்டு பேருக்கு இலட்சம், மருந்து என்ற இரண்டு சொல்லும் மட்டும் காதில் விழும். நீங்கள் தபாற்கந்தோருக்குப் போய்ச் சேருமுன்னர் செய்தி புத்தூர்ச் சந்தியைத் தாண்டியிருக்கும். தபாற்கந்தோரில் காசுக்கட்டளைப் படிவம் தருவார்கள். பெறுபவர் பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயர். அனுப்புபவர் பெயர் என்ற இடத்திலும் உங்கள் பெயர். விலாசம் இரண்டும் ஒன்று. "ஆருக்கு ஐயா அனுப்புறியள்?" "எனக்குத்தான்." "அனுப்புறது?" "அதுவும் நான்தான்." "அப்ப காசு இப்ப ஆரிட்டை இருக்கு?" "என்னட்டைத்தான்." அந்த அலுவலர் முப்பது வருட சேவையில் இப்படி ஒரு அன்பைக் கண்டிருக்கமாட்டார். உள்ளே போய்த் தபாலதிபரைக் கூட்டிக்கொண்டு வருவார். தபாலதிபர் உங்களை இருத்தி, தண்ணீர் தந்து, பிள்ளைகள் எந்த நாட்டில் என்று மெதுவாக விசாரிப்பார். இதையெல்லாம் கடந்து வங்கிக்குப் போனால், துண்டு எடுத்து, முறை வந்து, வைப்புச் சீட்டு நிரப்பி, காசு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு உண்மையான பதில் சொல்லவேண்டும். என் அட்டையிலிருந்து மருந்துக்கடைக்குப் போய், மருந்துக்கடையிலிருந்து தபாற்கந்தோருக்குப் போய், தபாற்கந்தோரிலிருந்து என்னிடமே வந்து, இப்போது அட்டைக்கே திரும்பிப் போகிறது என்று. கள்ளக் காசுக்காரன்கூட இதைவிட நேரான கதை வைத்திருப்பான்.

கதை இதோடு முடியாது. பின்னேரம் ஆறு மணிக்கு முதலாவது சைக்கிள் உங்கள் படலையில் நிற்கும். "வருத்தமெண்டு கேள்விப்பட்டம்" என்று ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல். அடுத்தது தோடம்பழம். மூன்றாவதாக வருகிறவர் சிறுநீரகமா இருதயமா என்று வரும்போதே முடிவெடுத்துக்கொண்டு வருவார், கொழும்பில் தெரிந்த வைத்தியரின் பெயரும் வைத்திருப்பார். ஒரு வருத்தமும் இல்லை, பொயின்ற்ஸ் என்று சொன்னால், அது எந்த உறுப்பில் வருகிறது என்ற கவலை அவர் முகத்தில் தெரியும். பத்து மணிக்கு ரொறன்ரோவிலிருந்து தங்கை அழுதுகொண்டு அழைப்பாள். கணக்கைப் பாருங்கள். ஒரு இலட்சத்துக்கு 1 வீதம் என்றால் 1,000 ரூபா. வந்த ஹோர்லிக்ஸின் பெறுமதி அதைவிடக் கூட. ஆகவே அச்சுவேலியில் இந்த வியாபாரம் அமெரிக்காவைவிட இலாபகரமானது என்று வாதாடலாம். வந்தவர்களுக்குக் கொடுத்த தேத்தண்ணி, பாற்பவுடர், பிறகு அவர்கள் வீட்டில் ஒருவருக்கு வருத்தம் வரும்போது நாங்கள் திருப்பிக் கொண்டுபோகவேண்டிய ஹோர்லிக்ஸ் எல்லாவற்றையும் கழித்தால் அமெரிக்காக்காரன் கொஞ்சம் முன்னுக்கு நிற்பான்.

சிரிக்கிறோம். ஆனால் இதே சுற்றை அரசாங்கமே இலவச அனுப்புச் செலவோடு நடத்தியது. அமெரிக்க நாணயச்சாலை 1 டொலர் குற்றிகளைப் புழக்கத்துக்கு விடுவதற்காக அதே பெறுமதிக்கு வீட்டுக்கே அனுப்பியது, கடன் அட்டையும் ஏற்றது. சனம் பெட்டி பெட்டியாக எடுப்பித்து, பெட்டியை உடைக்காமலே வங்கியில் கொண்டுபோய்ப் போட்டது. 2011 ஜூலையில் அட்டையை ஏற்பதை நிறுத்தினார்கள். இந்தியாவில் வீட்டு வாடகையை அட்டையில் கட்டுகிற செயலிகள் வந்தபோது, வாடகைக்கு இருக்காதவர்கள்கூட வாடகை கட்டத் தொடங்கினார்கள். ஐசிஐசிஐ வங்கி 2022 ஒக்டோபரிலிருந்து அதற்கு 1 வீதம் கட்டணம் போட்டது. எங்கே ஒரு ஓட்டை இருக்கிறதோ அங்கே ஒரு படித்த மனிதர் குந்திக்கொண்டிருக்கிறார். நம்மவர் என்றால் இரண்டு பேர்.

சரி, இந்தக் காசு எங்கிருந்து வருகிறது? வங்கி தருகிறது என்பது பொதுவான நம்பிக்கை. வங்கி சும்மா காசு தரும் என்று நம்புகிற அதே ஆள், வங்கியில் கடன் கேட்டுப் போனவர்தான். அட்டையைத் தேய்க்கிற ஒவ்வொரு முறையும் கடைக்காரர் ஒரு வீதத்தை இழக்கிறார். அதில் ஒரு துண்டு அட்டை தந்த வங்கிக்குப் போகிறது, அந்தத் துண்டின் ஒரு துணுக்குத்தான் உங்கள் பொயின்ற்ஸ். இதற்கு நல்ல அத்தாட்சி அவுஸ்திரேலியா. அந்நாட்டு மத்திய வங்கி 2003 இல் அட்டை தந்த வங்கிக்குப் போகிற அந்தத் துண்டை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது, புள்ளிகளும் உடனே மெலிந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2015 இல் கடன் அட்டைக்கு 0.3 வீதம்தான் உச்சம் என்றது, அப்போது பிரித்தானியாவும் அதற்குள் இருந்தது. லண்டனிலிருந்து வருகிற மச்சான் காலநிலையைப் பற்றியும் வீட்டுக் கடனைப் பற்றியும் கதைக்க, ரொறன்ரோ மச்சான் பொயின்ற்ஸைப் பற்றிக் கதைப்பதன் காரணம் குணபேதம் அல்ல, சட்டபேதம். கடைக்காரர் தன் இழப்பைச் சாமான் விலையில் ஏற்றுகிறார். அந்த விலையை அட்டைக்காரனும் கொடுக்கிறான், காசுக்காரனும் கொடுக்கிறான், அட்டைக்காரனுக்கு மட்டும் கொஞ்சம் திரும்பி வருகிறது. பொஸ்ரன் பெடரல் ரிசேர்வ் வங்கியின் ஆய்வாளர் மூவர் 2010 இல் இதைக் கணக்குப் பார்த்தார்கள். காசில் வாங்குகிற அமெரிக்கக் குடும்பம் ஒன்று சராசரியாக வருடத்துக்கு 149 டொலர் இழக்கிறது, அட்டைக் குடும்பம் ஒன்று 1,133 டொலர் பெறுகிறது. பொயின்ற்ஸில் வந்தோம் என்பவரின் விமானச் சீட்டில், சில்லறை எண்ணிக் கொடுத்துப் பால் வாங்கிய ஒரு கிழவியின் பங்கும் இருக்கிறது. அதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். "அண்ணை, நீங்கள் பொறாமையில் கதைக்கிறியள்" என்பார். அது ஓரளவு சரிதான், ஆனால் அது மறுப்பாகாது.

எங்கள் ஊர்ச் சின்னக் கடைகளில் "காட்டெண்டால் மூண்டு வீதம் கூட" என்று முகத்துக்கு நேரே சொல்கிற முதலாளிகள் உண்டு. அப்படி வாங்குவது பிழை, முறைப்பாடு செய்யலாம் என்று மத்திய வங்கி அறிவித்திருக்கிறது. சட்டம் எனக்கும் தெரியும். ஆனால் இந்தச் சங்கிலி முழுவதிலும் உண்மை பேசுகிற ஒரே ஆள் அந்த முதலாளிதான் என்பது என் அபிப்பிராயம். மற்ற எல்லாரும் அந்த மூன்று வீதத்தை மறைக்கிறார்கள், அவர் மட்டும் மேசையில் வைக்கிறார். மறைக்கிறவருக்குச் சட்டப் பாதுகாப்பு, காட்டுகிறவருக்கு முறைப்பாட்டு இலக்கம்.

நான் மாதாமாதம் முழுக் காசையும் கட்டிவிடுகிறேன், வட்டியே இல்லை என்பது அடுத்த ஆட்சேபம். நல்லது. ஆனால் எல்லாரும் உங்களைப்போலக் கட்டினால் இந்தத் திட்டம் இவ்வளவு தாராளமாக இராது. இலங்கையில் 2020 இல் கடன் அட்டை வட்டிக்கு 18 வீதம் உச்சவரம்பு போட்டார்கள், 2022 ஏப்ரிலில் அதை எடுத்தார்கள், அந்த வருடம் முடியுமுன்னர் வட்டி 30 வீதத்தைத் தாண்டியது. அந்த வருடத்தில், எரிவாயு வரிசைக்கும் பெற்றோல் வரிசைக்கும் நடுவில், ஆகக் குறைந்த தொகையை மட்டும் கட்டிக்கொண்டு சமாளித்த குடும்பங்கள் எத்தனையோ. உங்கள் இலவசத்துக்கு அவர்களும் சந்தா கட்டினார்கள்.

இதெல்லாம் கழிவுதானே, சங்கக்கடையும் கொடுத்ததுதானே என்பவர்களும் உண்டு. இதில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். வாங்கிய அளவுக்கு இலாபத்தைத் திருப்பிக் கொடுப்பது 1844 இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நெசவாளர்கள் தங்கள் கூட்டுறவுக் கடையில் வைத்த விதி. அங்கே வாங்குகிறவன்தான் கடைக்குச் சொந்தக்காரன். வருட முடிவில் கூட்டத்தில் எழும்பிக் கணக்குக் கேட்கலாம், தலைவரோடு சண்டை பிடிக்கலாம். யாழ்ப்பாணத்துச் சங்கக் கூட்டங்களில் இந்த இரண்டாவது உரிமை ஒருபோதும் வீண்போனதில்லை. இப்போதைய பொயின்ற்ஸ் அந்த யோசனையை எடுத்து, சொந்தத்தைக் கழற்றிவிட்டு, தொலைபேசி இலக்கத்தைப் பூட்டியிருக்கிறது. விதியை அவர்கள் நினைத்த நேரம் மாற்றுவார்கள். கனடாவில் எயார் மைல்ஸ் பழைய புள்ளிகளை 2016 முடிவோடு அழிக்கப் போவதாகச் சொன்னபோது, சனம் அவசரத்தில் தேவையில்லாத சாமான்களுக்கெல்லாம் புள்ளியைக் கொடுத்துத் தள்ளியது. டிசம்பரில் அந்த முடிவை அவர்களே கைவிட்டார்கள், ஒன்ராறியோ மாகாணமும் அதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. வாங்கியவர்களிடம் சாமான்கள் மிஞ்சின. கத்தரிக்காய்க்கு வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

ஒரே ஒரு ஆட்சேபத்துக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. இது எங்களுக்குப் பொழுதுபோக்கு, உங்களுக்கு என்ன என்பது. 1999 இல் கலிபோர்னியாப் பொறியியலாளர் டேவிட் பிலிப்ஸ், விமான மைல் தருகிற ஒரு விளம்பரத்தைப் பார்த்து 3,140 டொலருக்கு 12,150 கிண்ணம் புடிங் வாங்கினார். லேபிள் உரிக்கக் கை போதாமல், புடிங்கைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்து அவர்களைக் கொண்டே உரிப்பித்து, 12 இலட்சத்துக்கு மேல் மைல் சேர்த்தார். அந்த மனிதரில் எனக்குக் கோபமே வருவதில்லை. அவர் அதை ஒரு கூத்தாகச் செய்தார், ஊரும் சிரித்தது, பசித்தவர்களுக்குப் புடிங்கும் கிடைத்தது. என் எரிச்சல் கூத்தை வேதமாக்குகிறவர்களில்தான். கலியாணவீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் இருந்துகொண்டு, "அண்ணை, இந்தக் காலத்திலையும் காசு குடுத்தோ சாமான் வாங்குறியள்?" என்று இரக்கத்தோடு கேட்கிறவர், எந்த அட்டைக்கு எந்த மாதம் எத்தனை மடங்கு என்று ஓதட்டும். ஆனால் ஓதுகிற நேரத்தில் பருப்பு வாளி அவர் பக்கத்தில் நின்றுவிடுகிறது. அதை இந்தப் பக்கம் தள்ளிவிட்டுத் தொடர்ந்தால் போதும்.