பரவனாற்றுக்குப் பணி நிரந்தரம்

ஆகஸ்ட் 2023

பெறுநர்: உயர்திரு நிர்வாகம், என்.எல்.சி. இந்தியா நிறுவனம், நெய்வேலி.



மற்ற ஊர்களில் ஆற்றங்கரையில் மனிதர்கள் நடைப்பயிற்சி போகிறார்கள். உங்கள் ஆட்சியில் ஆறே நடக்கிறது. உங்கள் நிலக்கரிச் சுரங்கம் நகர நகர, பரவனாறு மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். இதுவரை தற்காலிகப் பாதையில் ஓடி, பெருமாள் ஏரிக்கு நீர் சேர்க்கும் வேலையைக் குறைசொல்லாமல் பார்த்துவந்த அந்த ஆற்றைப் புதிய கால்வாய் வெட்டி நிரந்தரமாக்க, ஜூலை 26 அன்று வளையமாதேவி கிராமத்து வயல்களில் இறங்கினீர்கள். நிலம் கொடுத்த குடும்பங்கள் பல்லாண்டாக நிரந்தர வேலை கேட்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதே ஜூலையில் பணி நிரந்தரம் கேட்டுப் போராடினார்கள். மனுவே போடாத ஆற்றுக்கு ஆணை கிடைத்துவிட்டது! அதுவும் ஆடிப்பெருக்குக்கு எட்டே நாள் இருக்கும்போது. ஆற்றுக்கு இப்படியொரு சீர்வரிசை செய்ய வேறு எந்த நிறுவனத்துக்கு மனம் வரும்?

பணி ஆணையை வழங்கிய விதமும் கோலாகலம்தான். முன்னே போலீஸ், பின்னே வரிசையாகப் பொக்லைன்கள், அவற்றின் சங்கிலிச் சக்கரங்களுக்கு அடியில் பச்சை நெல். 'நிலம் எங்களுடையது, 2006 முதல் 2013 வரை கையகப்படுத்தி இழப்பீடும் கொடுத்தாயிற்று, பயிர் வைக்காதீர்கள் என்று போன டிசம்பரிலேயே சொன்னோம்' என்கிறீர்கள். பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பத்தாண்டுக்கு மேலாக அந்த நிலத்தில் உழவு நடந்ததை நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? நெல்லை யாரும் இரவோடு இரவாக ஒளித்து நடுவதில்லை. நாற்று விட்டபோது வராத இயந்திரம், நடவின்போதும் வராத இயந்திரம், பயிர் பச்சைகட்டி நிற்கும்போது வந்தால் அதற்குப் பெயர் நில மீட்பு அல்ல, அடாவடி. சோற்றை மண்ணோடு சேர்த்து அரைக்கும் உரிமையை எந்தப் பத்திரமும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

மன்னிக்க வேண்டும், குரல் சற்று உயர்ந்துவிட்டது. நிரந்தர ஊழியரான ஆற்றின் முன் அப்படிப் பேசக் கூடாது. உங்கள் அடுத்த நியாயம் மின்சாரம்: கால்வாய் தாமதமானால் இரண்டாம் சுரங்கம் நிற்கும், சுரங்கம் நின்றால் விளக்கு அணையும். தமிழ்நாடு இருளில் கிடக்க வேண்டும் என்று எந்த உழவரும் கேட்கவில்லை. கேட்டது அறுவடை வரைக்குமான அவகாசம், ஏறக்குறைய இரண்டு மாதம். மொத்தம் 12 கிலோமீட்டர் கால்வாயில் பெரும்பகுதியை ஏற்கெனவே வெட்டி முடித்திருந்தீர்கள். பாக்கி ஒன்றரை கிலோமீட்டர்தான். கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்கடியில் பொறுத்துக் கிடந்த பழுப்பு நிலக்கரி, ஒரு போக நெல்லுக்காகப் பொறுக்காதா? புதிய கால்வாய் வெள்ளத்தைத் தடுக்கும், பாசனத்துக்கும் உதவும் என்றும் சொல்கிறீர்கள். உதவட்டும். ஆனால் பாசனம் தரப்போகும் ஆற்றை, பயிரின் மேல் நடக்கவிட்டா பதவியேற்கச் செய்வது?

காத்திருக்க முடியாது என்ற வாதத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றமே பதில் சொல்லிவிட்டது: சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு, அறுவடை முடித்து, செப்டம்பர் 15க்குள் நிலத்தை ஒப்படைக்க உழவர்களுக்கு அவகாசம். ஆக, காத்திருக்க முடியும். அதைச் சொல்ல ஒரு நீதிபதி தேவைப்பட்டதுதான் கேவலம். பயிருக்காக வருந்திய வள்ளலாரின் வடலூர், உங்கள் நகரியத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஒரு நடை போய்க் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும்.

எனவே பணிவான ஒரே வேண்டுகோள். அடுத்த ஊரில் நிலம் எடுக்கும் முன் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்: முதலில் அறுவடை, பிறகுதான் பொக்லைன். ஆற்றுக்கு நிரந்தரம் கொடுத்த கையால் ஒப்பந்தத் தொழிலாளர்களின் கோப்பிலும் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
நீங்கள் தரும் மின்சாரத்தையும் உழவர்கள் விளைவிக்கும் அரிசியையும் நம்பி வாழும் ஒருவன்.