கால் கேள்வி, முழுப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கால்விரலைப் பற்றியவை. அரசியல் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அரசியல் அங்கேயேதான் நிற்கும். விரல் நிற்காது, மடங்கிக்கொண்டே போகும்.

ஆடைத் தொழிற்சாலைப் பெண், அறிவியல்நகர்: பெருவிரலுக்குப் பக்கத்து விரல் நடுவிலை மடிஞ்சு மேலே துருத்திக்கொண்டு நிக்குது. மேலே ஆணி, அடிப்பாதத்திலை தடிப்பு. இது என்ன வருத்தம்?

இதற்குச் சுத்தியல் விரல் என்று பெயர். விரலின் நடு மூட்டு மடிந்தபடி நின்றுவிடுவதுதான் விசயம். பெரும்பாலும் இரண்டாம் விரலில் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். விரலை இழுக்கும் நீண்ட தசைநார்கள் முழங்காலுக்குக் கீழிருந்து இறங்கி வருகின்றன. பாதத்துக்குள் இருக்கும் சின்னத் தசைகள் அந்த இழுப்பைச் சமன்செய்கின்றன. சின்னவை தளர்ந்தால் பெரியவை வைத்ததுதான் சட்டம், விரல் மடிகிறது. மடிந்த விரலின் முதுகு சப்பாத்தில் உரஞ்ச ஆணி வருகிறது. அதே விரலின் அடிமூட்டு நிலத்தை அமுக்க, அடிப்பாதம் தடிக்கிறது. ஆணியை மட்டும் வெட்டி எறிந்தால் அடுத்த மாதம் இன்னொன்று முளைக்கும். முதலில் சப்பாத்தை மாற்றுங்கள்: முன்பக்கம் அகலமாக, மேற்பகுதி மென்மையாக, குதி தாழ்வாக.

மாமியார் ஒருவர், பாண்டியன்குளம்: இரண்டாம் விரல் நீளமான பொம்பிளை புருசனை ஆளுவாள் எண்டு சொல்லுவினம். மருமகளுக்கு அப்படித்தான் இருக்கு. உண்மையோ?

புருசனை ஆள்வாரோ தெரியாது. சப்பாத்து அவரை ஆளும். பெருவிரலை அளவாக வைத்து வாங்கிய சப்பாத்துக்குள் நீண்ட இரண்டாம் விரல் மடங்கித்தான் இருக்கவேண்டும். வருசக்கணக்கில் மடங்கி இருந்தது பிறகு நிமிர மறந்துவிடும். மருமகளின் சாதகத்தை விட்டுவிட்டுச் சப்பாத்தின் அளவைப் பாருங்கள்.

வயல்காரர், முத்தையன்கட்டு: சப்பாத்தைக் கலியாணத்துக்குக்கூடப் போடாத ஆள் நான். எனக்கு ஏன் வந்தது?

சப்பாத்து குற்றவாளிகளில் ஒருவர்தான், கூட்டாளிகள் பலர். பெருவிரல் உள்ளே சாய்ந்து பக்கத்து விரலைத் தள்ளுவது, குடும்பவாகு, வாதம், நீரிழிவு, பாரிசவாதம், பழைய முறிவு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தேய்ந்து தொளதொளத்த செருப்பையும் சேருங்கள். அது கழன்று போகாமலிருக்க விரல்கள் அடிக்கு அடி இறுக்கிப் பிடித்தபடியே நடக்கின்றன. வார் அறுந்த செருப்புக்கு ஊசி குத்தி இன்னும் ஒரு போகம் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள்.

முச்சக்கரவண்டிச் சாரதி, வவுனியா: எனக்கும் கொஞ்சம் மடங்கியிருக்கு. அவசரமா, ஆறுதலாப் போகலாமா?

அதைச் சொல்ல உங்கள் கையே போதும். இருந்தபடி விரலைப் பிடித்து மெல்ல நிமிர்த்துங்கள். நிமிர்ந்தால் இன்னும் காலம் இருக்கிறது. சப்பாத்து, பஞ்சுத் துண்டு, பட்டி, பயிற்சி என்று கத்தியில்லாத வழிகள் உங்களுக்குத்தான். நிமிர மறுத்தால் மூட்டு இறுகிவிட்டது. அதன் பிறகும் அகலமான சப்பாத்தும் மெத்தையும் நோவைக் குறைக்கும், விரலை நிமிர்த்தாது. இன்றைக்கே பிடித்துப் பாருங்கள். செலவு எதுவுமில்லை, பக்கத்து இருக்கையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

ஓய்வுபெற்ற தபாலதிபர், கிளிநொச்சி: பயிற்சி எண்டால் என்ன? இந்த வயதிலை ஓடச் சொல்லாதேங்கோ.

கதிரையில் இருந்தபடியே செய்யலாம். நிலத்தில் துவாயை விரித்து விரல்களால் சுருட்டிச் சுருட்டி இழுங்கள். புளியங்கொட்டையைக் கால்விரலால் பொறுக்கிக் கிண்ணத்தில் போடுங்கள். பிறகு மடிந்த விரலைக் கையால் நீட்டிச் சில விநாடி பிடித்து விடுங்கள். தினமும் செய்தால் இளக்கமான விரல் இளக்கமாகவே இருக்கும். இறுகியதைப் புளியங்கொட்டை நிமிர்த்தும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பேரப்பிள்ளைகளைப் போட்டிக்குக் கூப்பிடுங்கள். தோற்றாலும் கால் வெல்லும்.

கடற்றொழிலாளி, முல்லைத்தீவு: பரியாரி எண்ணெய் பூசி இறுக்கிக் கட்டினால் நிமிரும் எண்டு சொல்லுறார்.

எண்ணெய் பூசட்டும், சுகமாக இருக்கும். இறுக்கிக் கட்ட விடாதீர்கள். விரலுக்கு இரத்தம் போகும் குழாய்கள் சின்னவை. கட்டு இறுகி விரல் நீலமானால் நிமிர்த்த விரலே மிஞ்சாது. மென்மையான ஒட்டுப்பட்டியால் விரலைத் தாழ்த்திப் பிடிப்பது நல்ல முறைதான். அதை இயன்மருத்துவரிடம் ஒருமுறை பழகிக்கொண்டு வீட்டில் செய்யுங்கள்.

பலசரக்குக் கடைக்காரர், நெடுங்கேணி: ஆணிக்கு பிளேட் நல்லதா, மருந்துக்கடையிலை விக்கிற பிளாஸ்ரர் நல்லதா?

பிளேட்டை முகத்தோடு நிறுத்துங்கள். அந்தப் பிளாஸ்ரரில் சலிசிலிக் அமிலம் இருக்கிறது. ஆணிக்கும் நல்ல தோலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. சீனி வருத்தமும் இரத்தோட்டக் குறைவும் இல்லாதவர்கள் குளித்தபின் ஊறிய ஆணியைக் குதி தேய்க்கிற கல்லால் மெதுவாகத் தேய்க்கலாம். சீனி வருத்தக்காரர் பிளேட்டும் தொடக்கூடாது, பிளாஸ்ரரும் ஒட்டக்கூடாது, கிளினிக்கில் காட்டவேண்டும்.

பாட்டி, பரந்தன்: எனக்குப் பத்து வருசமாச் சீனி. விரல் மடங்கியிருக்கு, ஆனா ஒரு நோவும் இல்லை. கடவுள் காப்பாத்தீட்டார், என்ன?

அம்மா, உங்கள் கடிதத்துக்குத்தான் எல்லாருக்கும் முதல் பதில் எழுதினேன். நோ இல்லாதது நல்ல செய்தி அல்ல. நீரிழிவு நீண்டகாலம் நின்றால் பாத நரம்புகளைக் கெடுக்கும். ஒரு பக்கம் சின்னத் தசைகள் வலுவிழந்து விரல் மடிகிறது; மறுபக்கம் உணர்வு மங்கி, விரல் உரஞ்சிப் புண்ணானாலும் தெரிவதில்லை. காவலாளியும் போய், கதவும் திறந்து கிடக்கிற வீடு.

ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளை உங்கள் இரண்டு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளைச் சுட்டுவிரலால் மெல்ல ஒன்றிரண்டு விநாடி தொடட்டும். அமுக்கவோ தட்டவோ கூடாது. தொட்டதும் சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்வு குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அடுத்த கிளினிக் நாளில் செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள். இரத்தப் பரிசோதனைத் துண்டை மட்டும் நீட்டிவிட்டு வரவேண்டாம்.

இரவில் படுக்குமுன் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியை நிலத்தில் வையுங்கள். சுடுநீரில் கால் வைக்காதீர்கள். செருப்பை உதறிப் போடுங்கள். இளக்கமான மடிந்த விரலின் நுனியில் புண் வந்து ஆறாவிட்டால், மடக்கும் தசைநாரைச் சின்னதாக வெட்டித் தளர்த்திவிடும் சிகிச்சை இருக்கிறது. பெரும்பாலும் விறைப்பூசியோடு முடியும். புண் எலும்புவரை போகுமுன் நீங்கள் கிளினிக் போனால்தான் அது சரிவரும்.

பக்தர், வற்றாப்பளை: எனக்கும் சீனி, விரலும் மடங்கியிருக்கு. சந்நிதியிலிருந்து கதிர்காமம் வெறுங்காலோடை நடக்க நேர்த்தி. போகலாமோ?

பாதயாத்திரை முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கரையோரமாக இறங்கிக் காட்டுக்குள்ளால் கதிர்காமம் போகிறது. தாரும் சுடும், மணலும் சுடும். உணர்வு குறைந்த காலுக்குக் கொப்புளம் வந்தது கொப்புளம் உடைந்த பிறகுதான் தெரியும். மேலே பாட்டி செய்யும் சோதனையை நீங்களும் செய்யுங்கள். தொடுகை தெரியாவிட்டால் வெறுங்கால் நடை வேண்டாம். நல்ல காலணியோடு இயன்ற தூரம் நடந்து, மிச்சத்துக்குப் பஸ் ஏறுங்கள். காலால் வருவதாகத்தான் முருகனுக்கு நேர்த்தி வைத்தீர்கள், காலைக் காணிக்கையாக விட்டுவிட்டு வருவதாக அல்ல. வைகாசிப் பொங்கலுக்கு உங்கள் ஊர்க் கோயில் மணலில் மத்தியானம் நிற்பவர்களுக்கும் இதே பதில்.

ஒரு அம்மா, புதுக்குடியிருப்பு: 2009 இலை கெண்டைக்காலிலை செல் துண்டு பட்டது. காயம் ஆறிட்டுது. இப்ப நாலு விரலும் மடங்குது. வயசோ?

வயது என்று விட்டுவிடாதீர்கள், அக்கா. நரம்பு அறுபட்டிருந்தால் பாதத்தின் சின்னத் தசைகள் செயலிழந்து விரல்கள் மடங்கும். கெண்டைக்கால் தசை தழும்பாகிக் குறுகியிருந்தாலும் மடங்கும். பாதத்தைக் கீழே நீட்டிப் பாருங்கள், பிறகு மேலே தூக்கிப் பாருங்கள். நீட்டும்போது விரல் நிமிர்ந்து, தூக்கும்போது மடங்கினால் கோளாறு கெண்டைக்காலில். அப்போது விரலில் மட்டும் ஒபரேசன் செய்து பயனில்லை.

டொக்டரிடம் விரலைக் காட்டுமுன் பழைய காயத்தைக் காட்டுங்கள். துண்டு இன்னும் உள்ளே இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் கட்டாயம் சொல்லுங்கள். அந்த இயந்திரம் ஒரு பெரிய காந்தம். ஒரு காலை இழந்தவர்கள் மிஞ்சிய காலின் விரல்களையும் இதேபோல் கவனிக்கவேண்டும். அது இரண்டு காலின் வேலையைச் செய்கிறது. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் புனர்வாழ்வு நிலையத்துக்குச் செயற்கைக் காலுக்காகப் போகிறபோது மற்றக் காலின் செருப்பைப் பற்றியும் கேளுங்கள்.

முன்னாள் அதிபர், ஒட்டுசுட்டான்: விரல் மடங்கினால் தொழுநோயோ எண்டு ஊரிலை பயப்படுறாங்கள்.

மடங்கிய விரல் எல்லாம் தொழுநோய் அல்ல. ஆனால் தோலில் நிறம் மங்கிய, தொட்டால் உணர்வில்லாத தேமல் சேர்ந்திருந்தால் காட்டத்தான் வேண்டும். இலங்கையில் 1983 இலிருந்து கூட்டு மருந்துச் சிகிச்சை இருக்கிறது, இலவசம், ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ குடித்தால் குணமாகும். மருந்து தொடங்கியவரிடமிருந்து தொற்றும் என்ற பயமும் தேவையில்லை.

மாஸ்ரர், வகுப்பில் சொல்ல ஒரு வரலாறும் தருகிறேன். போல் பிராண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1914 இல் தமிழ்நாட்டுக் கொல்லிமலையில் பிறந்தவர். 1946 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் சதை தானாக அழுகி விரல்கள் விழுகின்றன என்று உலகம் நம்பிய காலம் அது. உணர்வு போன கைகாலில் தெரியாமல் படும் காயங்களே விரலைத் தின்கின்றன என்று அவர் காட்டினார். தசைநார்களை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். பாதத்துக்கு மென்மையான ரப்பர் செருப்புத் தேடினார். இன்றைய நீரிழிவுப் பாத வைத்தியம் அவரிடம் நிறையக் கடன்பட்டது.

மூன்று பிள்ளைகளின் தாய், மாங்குளம்: சப்பாத்து வவுச்சருக்கு இரண்டு அளவு பெரிசா வாங்கினேன், அடுத்த வருசமும் போடலாம் எண்டு. பிழையோ?

பாதிப் பிழை. நின்றபடி நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கைப் பெருவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். அதற்கு மேல் பெரிதானால் கால் உள்ளே வழுக்கும், விரல்கள் இறுக்கிப் பிடிக்கும். முழுப் பிழை மற்றது: மூத்தவனின் சப்பாத்து இளையவனுக்கு இறங்கும்போது அளவு பார்க்காமல் இறக்குவது. மட்டையில் பாதத்தை வரைந்து வெட்டிச் சப்பாத்துக்குள் வையுங்கள். மட்டை மடங்கினால் விரலும் மடங்கும். தவணைக்கு ஒருமுறை புள்ளி அட்டையோடு இதையும் பாருங்கள்.

கலியாணப் பொம்பிளை, விசுவமடு: ஆவணியிலை கலியாணம். மெட்டி விரலிலை ஏறாது. கெதியா ஒபரேசன் செய்தால் என்ன?

செய்தால் ஆவணியில் வீங்கிய காலோடு அம்மி மிதிப்பீர்கள். வீக்கம் வடிய மாதக்கணக்காகலாம். நோவில்லாத விரலை அழகுக்காக வெட்டுவதை நல்ல நிபுணர்கள் ஊக்குவிப்பதில்லை. வாய் திறந்த மெட்டி வாங்குங்கள், தளர்த்திப் போடலாம். விரல் சிவந்தால் சடங்கு முடிந்ததும் கழற்றுங்கள். மாப்பிள்ளை குனிந்து மெட்டி போடும் நேரம் முழுக்க உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். பார்க்காவிட்டால் பிரச்சினை விரலில் இல்லை.

மேசன், செட்டிகுளம்: ஒபரேசன் எண்டால் விரலை வெட்டி எடுப்பினமோ? எத்தினை நாள் வேலை கெடும்?

விரல் உங்களோடுதான் வீட்டுக்கு வரும். இளக்கமான விரலுக்குத் தசைநாரைத் தளர்த்துவார்கள், அல்லது இடம் மாற்றுவார்கள். இறுகிய விரலுக்கு நடு மூட்டில் கொஞ்சம் எலும்பை எடுத்து நிமிர்த்துவார்கள், அல்லது மூட்டையே ஒட்டவைப்பார்கள். ஒட்டும்வரை நுனியிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கும். அநேகமாக நாலு முதல் ஆறு கிழமையில் கிளினிக்கிலேயே இழுத்தெடுப்பார்கள். ஒட்டிய மூட்டு பிறகு மடங்காது. நடக்க அது இடைஞ்சல் இல்லை.

சாரம் ஏறும் உங்கள் வேலைக்கு அதற்குப் பிறகும் சில கிழமை பொறுக்கவேண்டும். கிருமித் தொற்று, மீண்டும் மடங்குவது, விரல் நிலத்தில் முட்டாமல் நிற்பது ஆகியவை நடக்கக்கூடியவை. கையெழுத்து வைக்குமுன் கேளுங்கள். சிகரெட் குடித்தால் எலும்பு ஒட்டத் தாமதமாகும். அரச வைத்தியசாலையில் கட்டணமில்லை. வெளிநோயாளர் பிரிவில் காட்டி, என்பியல் நிபுணருக்குக் கடிதம் வாங்குங்கள்.

சப்பாத்துக் கடை முதலாளி, கிளிநொச்சி: நீங்கள் இப்பிடி எழுதினால் கூர் முனைச் சப்பாத்தை நான் ஆருக்கு விக்கிறது?

அண்ணை, தீபாவளிக்கு ஒருநாள் போடுபவருக்கு விற்றுக்கொள்ளுங்கள். ஒருநாளில் விரல் மடங்காது. ஒவ்வொரு நாளும் போடுவதால்தான் மடங்கும். தினமும் போடுகிறவருக்கு அகலமான ரகத்தைக் காட்டுங்கள். கடையில் ஒரு வாங்கும் கொஞ்சம் மட்டையும் வையுங்கள். ஆளை நிற்கவைத்து இரண்டு காலையும் அளந்து பாருங்கள். பெரிய காலுக்குத்தான் சப்பாத்து. காலையைவிடப் பின்னேரம் பாதம் சற்று வீங்கியிருக்கும், அப்போது அளந்தால் பிறகு இறுக்காது. ஆகவே வாடிக்கையாளரைப் பின்னேரம் வரச் சொல்லுங்கள், வெயிலும் தாழ்ந்திருக்கும், வியாபாரமும் கூடும். மடங்கிய விரல்காரருக்குப் பொருந்தும் சப்பாத்து இந்த ஊரில் உங்களிடம்தான் இருக்கிறது என்று தெரிந்தால், கூர் முனையை வாங்க வந்தவரைவிட அவர்தான் திரும்பத் திரும்ப வருவார்.