இருபத்தைந்து மணிக் காட்சி

ஹிக்கோனே,
ஷிகா மாகாணம், ஜப்பான்.

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாட்ஸ்அப் குரல் செய்தி கிடைத்தது. நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை இல்லை, எடுத்ததும் குற்றப்பத்திரிகை. பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை ராத்திரி போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு ஜப்பான் பொம்மைப் படம் பார்க்கிறாள். என்னதான் பார்க்கிறாள் என்று நீயும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாய். சண்டை இல்லை, காதல் இல்லை, வில்லன் இல்லை. நாலைந்து பொம்பளைப் பிள்ளைகள் உட்கார்ந்து டீ குடித்துக் கேக் சாப்பிட்டார்கள், படம் முடிந்துவிட்டது. "நீ இருக்கிற ஊரு சரக்குதானே, நீயே பதில் சொல்லுல" என்று போனை வைத்துவிட்டாய். நாளைக்கு அத்தானுடைய ஜப்பான் கேமரா மக்கர் பண்ணினாலும் சம்மன் எனக்குத்தான் வரும் போலிருக்கிறது.

போகட்டும். என் மருமகள் சார்பில் நானே ஆஜராகிறேன்.

நீ பார்த்தது 'கே-ஆன்!' என்று யமுனா சொன்னாள். அதில் கதை இல்லை என்று சொல்லாதே, இருக்கிறது. ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. அங்கே இசைக்குழு ஒன்று ஆள் இல்லாமல் மூடப்படும் நிலையில் இருக்கிறது. நாலு பேர் சேர்ந்தால்தான் குழு பிழைக்கும். நாலாவது ஆளாக யுயி என்று ஒருத்தி வந்து சேர்கிறாள். அவளுக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. கிட்டார் வாங்கலாம் என்று கடைக்குப் போனால் அவள் கண் போய் நிற்பது இரண்டரை லட்சம் யென் கிட்டாரில். பணம் சேர்க்க நாலு பேரும் ரோட்டோரம் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளை எண்ணும் கணக்கெடுப்பு வேலைக்குப் போகிறார்கள். கடைசியில் பார்த்தால், குழுவில் இருக்கிற பணக்காரப் பெண் முகியின் அப்பா கம்பெனிக்குச் சொந்தமான கடைதான் அது. முகி ஒரு வார்த்தை பேசியதும் கிட்டார் ஐம்பதாயிரத்துக்கு வந்துவிடுகிறது. அதற்கப்புறம் யுயி அந்தக் கிட்டாருக்குச் சட்டை போட்டுப் பக்கத்தில் படுக்க வைத்துத் தூங்குகிறாள். தினமும் முகி வீட்டிலிருந்து கேக் வருகிறது. டீ ஆறுவதற்குள் குடித்தாக வேண்டும். அப்புறம் வாசிக்க நேரம் எங்கே இருக்கிறது?

டீச்சரான உனக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு ஆள் அதில் உண்டு. சவாகோ என்ற மியூசிக் டீச்சர். பள்ளிக்கூடம் முழுக்க அவர் அடக்கத்துக்குப் பேர் போனவர். ஆனால் அதே பள்ளியில் படித்த காலத்தில் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு பேய்க்கூச்சல் போட்டுப் பாடியவர். பழைய போட்டோ ஒன்று பிள்ளைகள் கையில் சிக்கிவிடுகிறது. அதை வைத்து மிரட்டியே அவரைக் குழுவின் பொறுப்பாசிரியர் ஆக்கிவிடுகிறார்கள். நீ பாளையங்கோட்டை காலேஜ் ஆண்டு விழாவில் ஆடின டான்ஸ் போட்டோ இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்பதை இந்த இடத்தில் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். யமுனா வயசுப் பிள்ளைகளை மனதில் வைத்து எடுத்த படம் இல்லை இது. இந்த மாதிரிக் கதைகளின் தாய்வீடு ஹோபுன்ஷா என்ற பதிப்பகம் 2002-ல் தொடங்கிய 'மங்கா டைம் கிரரா' என்ற மாத இதழ். கே-ஆனும் அதில் வந்ததுதான். அதை வாங்கிப் படிப்பவர்களில் வளர்ந்த ஆண்கள் நிறையப் பேர். 2009 ஏப்ரலில் டிவிக்கு வந்தபோதும் நள்ளிரவு தாண்டித்தான் போட்டார்கள். இங்கே டிவி நிகழ்ச்சி நிரலில் ராத்திரி ஒன்றரை மணியை '25:30' என்று அச்சடிப்பார்கள். தூங்கப் போகாதவனுக்கு இன்றைய தேதி இன்னும் முடியவில்லை என்பது அவர்கள் கணக்கு. கணக்கு டீச்சருக்கு நெஞ்சு வலிக்கும், என்ன செய்ய.

அந்த இருபத்தைந்து மணிக்கு உட்கார்ந்து பார்த்தவர்கள் யார்? கடைசி ரயிலில் வீடு வந்து, டையைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல், கடையில் வாங்கிய சோற்றுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த குமாஸ்தாவும் இஞ்சினியரும். எங்கள் ஆபீஸ் பிரிவுத் தலைவர் அவர்களில் ஒருவர். தலை நரைத்த மனிதர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. கே-ஆன் பேச்சை எடுத்தேன். மதிய இடைவேளை முடிந்து மணி அடித்ததுகூட அவர் காதில் விழவில்லை. ஓய்வே இல்லாத மனிதர்களுக்கு, அடுத்த பிள்ளைகள் ஓய்வாக இருப்பதைப் பார்ப்பதே ஓய்வு. இதில் ஏதாவது நடந்துவிட்டால்தான் அவர்களுக்குக் கஷ்டம். பகல் முழுக்க ஆபீசில் நடந்தது போதாதா?

இந்த வகைக்கு வழி போட்டுக் கொடுத்தது அதற்கும் முந்தின 'அசுமங்கா தையோ'. கியோஹிகோ அசுமா வரைந்தது, 1999-ல் தொடங்கியது. ஒன்றன் கீழ் ஒன்றாக நாலு கட்டம். மூன்றாவதில் ஒரு திருப்பம், நாலாவதில் முடிந்துவிடும். பத்து வயதிலேயே மேல்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்ட சியோ என்ற சின்னஞ்சிறு மேதை, தடவிக் கொடுக்கப் போகும்போதெல்லாம் தெருப்பூனையிடம் கடி வாங்குகிற சகாகி என்ற உயரமான பெண், அப்புறம் ஒசாகாவிலிருந்து மாற்றலாகி வந்த ஒருத்தி. ஒசாகாக்காரர்கள் என்றால் வாய்த்துடுக்கும் நகைச்சுவையுமாக இருப்பார்கள் என்று இங்கே பேர். இவளோ கண் திறந்தபடி கனவு காண்கிறவள். ஆனாலும் அவள் பேரே 'ஒசாகா' ஆகிவிடுகிறது. சென்னை ஹாஸ்டலில் என்னை மூன்று வருஷமும் 'அல்வா' என்றே கூப்பிட்டார்களே, அதே கதைதான்.

'லக்கி ஸ்டார்' என்று ஒன்று. அதன் முதல் வாரத்தில், சாக்லேட் அடைத்த சங்கு மாதிரி பன்னில் தலை எது வால் எது, எந்தப் பக்கமிருந்து கடிப்பது என்று ஒரு விவாதம் ஓடுகிறது, ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. டோக்கியோவுக்கு வடக்கே வாஷினோமியா என்ற பழைய ஷின்டோ கோயில் அந்தப் படத்தில் வருகிறது. 2007-ல் படம் ஓடியது; 2008 புத்தாண்டுக்கு அந்தக் கோயிலில் மூன்று லட்சம் பேர் கூடினார்கள். பன்னைப் பற்றிப் பேசிய பிள்ளைகளுக்காக! 'நிச்சிஜோ' என்று இன்னொரு படம், அதில் பள்ளி முதல்வர் மைதானத்தில் மானோடு மல்யுத்தம் பிடிப்பார். அதை நீ பார்க்க வேண்டாம், உங்கள் ஹெட்மாஸ்டரை அப்புறம் நேராகப் பார்த்துப் பேச முடியாது.

ஒன்றும் நடக்கவில்லை என்று நீ சொன்னதற்கு மட்டும் ஒரு ஆட்சேபணை. இங்கே 'சசாயே-சான்' என்று ஒரு குடும்பக் கார்ட்டூன் 1969 முதல் ஞாயிறு சாயங்காலம் ஓடுகிறது. அதில் யாருக்கும் வயசே ஏறாது. பள்ளிக்கூடப் பையன் அன்றிலிருந்து இன்றுவரை பள்ளிக்கூடப் பையன். ஆனால் யமுனா பார்க்கிற படத்தில் கேக் சாப்பிடச் சாப்பிட நாள்காட்டி கிழிந்துகொண்டே இருக்கிறது. மூன்று வருஷம் போய்விடுகிறது. பெரியவர்கள் நாலு பேரும் படிப்பு முடிந்து வெளியேறும்போது, குழுவில் பின்னால் சேர்ந்த, ஒரு வருஷம் சின்னவளான அசுசா மட்டும் தனியாக நிற்கிறாள். அந்த இடத்தில் எங்கள் பிரிவுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். தூசி என்கிறார்.

நான் இருக்கும் ஹிக்கோனேயிலிருந்து ஓமி ரயிலில் கொஞ்ச தூரம் போனால் டொயோசாதோ. கே-ஆன் பள்ளிக்கூடத்தை அந்த ஊரின் பழைய ஆரம்பப் பள்ளியைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். போன ஞாயிறு போய்வந்தேன். 1937-ல் கட்டியது. ஊர்க்காரர் ஒருவர், டெட்சுஜிரோ ஃபுருகாவா என்று மருபேனி கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்தவர், சொந்தப் பணத்தைப் போட்டார். வடிவமைத்தவர் வோரீஸ் என்ற அமெரிக்கர்; கட்டடம் கட்டியதோடு மென்தோலேட்டம் தைலத்தையும் ஜப்பானுக்குக் கொண்டுவந்த புண்ணியவான். 2000-களின் தொடக்கத்தில் இடித்துவிடலாம் என்று மேயர் கிளம்ப, ஊர் மக்கள் கோர்ட் வரை போய்க் காப்பாற்றினார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் மாடிப்படி. அதன் மரக் கைப்பிடியில் விரல் நீளத்துக்கு வெண்கலத்தில் ஒரு முயலும் ஒரு ஆமையும். கீழே இரண்டும் சேர்ந்தே கிளம்புகின்றன. ஏற ஏற முயல் முந்துகிறது, நடுவில் ஓரிடத்தில் படுத்துத் தூங்குகிறது. உச்சியில் ஆமை மட்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நாம் ஒன்றாம் வகுப்பில் படித்த அதே பந்தயம். மேல் மாடி அறையில் படத்தில் வருகிற மாதிரியே மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, ரசிகர்கள் கொண்டுவந்த கோப்பைகளையும் கேக் பொம்மைகளையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். என்னோடு அங்கே நின்றவர்களில் பள்ளிப் பெண் ஒருத்தியும் இல்லை. எல்லாரும் நாற்பதைத் தொட்ட ஆம்பிளைகள். கோயிலுக்குள் நிற்கிற மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள். வெளியே தெருமுனைகளில், குழந்தைகள் ஓடிவரும், மெதுவாகப் போகவும் என்று டிரைவர்களை எச்சரிக்கும் மரப்பலகைப் பையன்கள் இருப்பார்கள். இந்த மாகாணத்தில் பிறந்த வழக்கம் அது. டொயோசாதோவில் பையனுக்குப் பதில் கிட்டாரோடு கே-ஆன் பெண்கள் பாய்கிறார்கள்.

இவ்வளவு சும்மா இருப்பதை வரைவதற்கு எவ்வளவு வேலை என்று நினைக்கிறாய்? இயக்குநர் நவோகோ யமதா, திரைக்கதை ரெய்கோ யோஷிதா, பாத்திர வடிவமைப்பு யுகிகோ ஹொரிகுச்சி; மூவரும் பெண்கள். உட்கார்ந்திருக்கிற ஒருத்தி மேஜைக்கடியில் காலை எப்படி வைத்திருக்கிறாள் என்பதுவரை பார்த்து வரைந்திருக்கிறார்கள். எடுத்தது பக்கத்து மாகாணத்துக் கியோட்டோ அனிமேஷன். 2019 ஜூலை 18 அன்று ஒருவன் அங்கே தீ வைத்து 36 பேர் இறந்தார்களே, அதே நிறுவனம்தான். லக்கி ஸ்டாரின் பெரும்பகுதியை இயக்கிய யசுஹிரோ தாகெமோதோ அதில் போனார். அதைப் பற்றி இங்கே யாரிடமும் நான் பேச்செடுப்பதில்லை.

நிஜப் பள்ளிக்கூடம் அப்படியா என்றால், ஊஹூம். நான் காலை ரயிலில் பார்க்கிற பிள்ளைகள் தங்களைவிடப் பெரிய வாத்தியப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றபடியே தூங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் பயிற்சி உண்டு. வகுப்பறையை அவர்களே கூட்டித் துடைக்கிறார்கள். மூன்றாம் வருஷம் நுழைவுத் தேர்வுக்கு டியூஷன், ராத்திரி பத்து மணி ரயில். நம்ம ஊர் நீட் பிள்ளைகளைப் பார்த்தால் இவர்கள் உடனே சிநேகமாகிவிடுவார்கள்.

ஆகவே தீர்ப்பு உன் கையில். என் சிபாரிசு: யமுனா வாரத்துக்கு இரண்டு பகுதி பார்க்கட்டும், போர்வைக்கு வெளியே, நீயும் கூட இருந்து. ஆண்பிள்ளை வாசனையே இல்லாத படம் உனக்கு வேறு எங்கே கிடைக்கும்? பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்தப் படம் வந்த புதிதில், அதில் வருகிற கிட்டாருக்கும் பேஸுக்கும் இங்கே கிராக்கி ஏறியதாகப் பேச்சு. அவள் 'கிட்டார்' என்று வாயைத் திறந்தால் என்னிடம் அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன். அத்தானிடம் மட்டும் போகவிடாதே, அவர் அன்றைக்கே வாங்கிக் கொடுத்துவிடுவார்.

அன்புடன்,
உன் தம்பி.

பி.கு: பார்சலில் சீரகமும் பெருங்காயமும் வை. டீத்தூள் வேண்டாம்.