நூறு பேருக்கு ஒரே அண்டா

கேள்வி: மெயின்ஃப்ரேமில் ஒரே கணினிக்குள் நூறு மெய்நிகர்க் கணினிகள் ஓடுகின்றனவாமே, நினைவகம் எப்படிப் போதும்?

பதில்: நூறு பேருக்கும் தனித்தனி அடுப்பு மூட்டினால் போதாதுதான்! ஐபிஎம் 1972-இல் அறிவித்த விஎம்/370 இயங்குதளம் பொதுப் பந்தி போட்டது.

ஒவ்வொரு பயனரும் ஓட்டும் சிஎம்எஸ் மென்பொருளில், எவரும் மாற்றத் தேவையில்லாத நிரல் பகுதியை 64 கேபி துண்டாகப் பிரித்தார்கள். மெய்யான நினைவகத்தில் அதற்கு ஒரே பிரதி. ஒவ்வொருவரின் முகவரிப் பட்டியலும் அந்த ஒன்றையே சுட்டும். தனித்தனியாக வைத்தால் நூறு பேருக்கு 6,400 கேபி. பகிர்ந்தால் அதே 64.

யாராவது அண்டாவுக்குள் கை விட்டால், அதாவது பொதுப் பகுதியை மாற்றினால்? ‘உன் பங்கை நீயே வைத்துக்கொள்’ என்று விஎம்/370 அவருக்குத் தனிப் பிரதி கொடுத்து ஒதுக்கிவிடும்.

அதன் இன்றைய வாரிசான இசட்/விஎம்மில் லினக்ஸ் இயங்குதளங்களும் இதே பந்தியில் உட்காரலாம்.