கேள்வி–பதில்: ஈடும் ஈவும்

உலகின் முதல் பெண் பிரதமரைத் தந்த நாட்டில் பெண் தொழில்முனைவோர் ஏன் இவ்வளவு குறைவு?
– வாசகி, அம்பிட்டிய

பிரதமர் பதவிக்கு ஈடு தேவையில்லை. வங்கிக் கடனுக்குத் தேவை; அந்த ஈடு பெரும்பாலும் காணியே. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, அரசு அனுமதிப்பத்திரத்தில் வழங்கிய காணிக்குப் பின்னுரித்தாளர், அதாவது உரித்தாளருக்குப் பின் அதைப் பெறுபவர், பெயரிடப்படாதபோது, பிள்ளைகளில் ஆண்மக்களுக்கே மூன்றாம் அட்டவணை முதலிடம் தந்ததால், மூத்த மகளும் தம்பிக்குப் பின்னரே நின்றாள். சிறிமாவோ பண்டாரநாயக்க 1960இல் பிரதமராகப் பதவியேற்று 62 ஆண்டுகள் கழிந்த பின்னரே, 2022இல் அவ்வரிசை திருத்தப்பட்டது.

காணி மட்டும் போதாது; தொழில் தொடங்கப் பணி அனுபவமும் சேமிப்பும் வேண்டும். 84 நாள் மகப்பேற்று விடுமுறைச் சம்பளத்தைத் தனியார் துறையில் முதலாளியே முழுதாகச் சுமப்பதால், இளம்பெண்களைப் பணிக்கு எடுக்கத் தயக்கம் எழுகிறது; அச்செலவை அரசு பகிர்வதே அடுத்த திருத்தமாக அமைய வேண்டும்.