நாலு மணி மொட்டு

அந்தக் காலத்தில் மதுரையில் யாரும் முகர்ந்து பார்த்துப் பூ வாங்கியதில்லை. சாயங்காலம் நாலு மணிக்குத் தெருவுக்கு வரும் பூக்காரம்மாவிடம் அம்மா ஒன்றைத்தான் வற்புறுத்துவாள்: "விரிஞ்சது வேணாம்க்கா, மொட்டாப் பாத்துக் குடுங்க."

அந்த நேரத்து மல்லி மொட்டில் பச்சை வாடைதான் இருக்கும். மல்லி தன் மணத்தை முன்கூட்டிச் சேர்த்து வைப்பதில்லை, விரியும்போதுதான் உண்டாக்குகிறது. பொழுது சாய்ந்து மொட்டு அவிழ்ந்ததும் முதலில் வருவது பழவாசனை கலந்த இனிப்பு. பென்சைல் அசிடேட் என்ற பொருளின் வேலை அது. இரவு ஏற ஏற இண்டோல் தலைதூக்கும். அந்துருண்டையை நினைவுபடுத்தும் ஒரு கனம். காலையில் தலையணையில் கசங்கிக் கிடக்கும் பழுப்பு இதழில் அதுதான் மிஞ்சியிருக்கும். எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி மணம்தான். அது இல்லாத மல்லி வெறும் சோப்பு வாசனை.

இன்று என் மகள் செண்ட் வாங்கும் கடையில், காகிதப் பட்டையில் அடித்து நீட்டுகிறார்கள். அரை நிமிஷத்தில் "சூப்பர்ம்மா, எடுத்துக்கலாம்" என்கிறாள். அவள் முகர்ந்தது ஆல்கஹாலும் அதோடு பறக்கிற எலுமிச்சை வகை எண்ணெய்களும்தான். கால் மணி நேரத்தில் அவை போய்விடும். பூ அதற்குப் பிறகுதான் வரும். காகிதத்தில் சூடும் கிடையாது, எண்ணெய்ப் பசையும் கிடையாது. மணிக்கட்டில் உடம்புச் சூடு பூமணத்தை மெல்ல மேலே கிளப்பும். எண்ணெய்ச் சருமம் அதை நெடுநேரம் பிடித்து வைக்கும்; வறண்ட தோல் சீக்கிரம் விட்டுவிடும். கடைசியில் வெனிலா, சந்தனம், கஸ்தூரி வகைகள் மணிக்கணக்கில் தங்கும். மத்தியானம் "வாசனை போயிடுச்சு" என்று மறுபடி அடித்துக்கொள்கிறாள். போகவில்லை, அவள் மூக்குக்குப் பழகிவிட்டது. பக்கத்தில் நிற்பவரைக் கேட்டால் சொல்வார்.

1966-இல் பிரெஞ்சு செண்ட் வல்லுநர் எட்மோன் ருட்னிட்ஸ்கா 'ஓ சொவாஜ்' செண்டில் ஹெடியோன் என்ற செயற்கை மணப்பொருளைச் சேர்த்த பிறகு, இண்டோலின் கனமில்லாத காற்றோட்டமான மல்லி வாசனை உலகெங்கும் பரவியது. அழகுதான், ஆனால் அதில் இரவு இல்லை. அசல் மல்லியை நாடும் பிரெஞ்சு செண்ட்காரர்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்தே மல்லிச் சாறு போகிறது. காலையில் பறித்த மொட்டை இங்குள்ள ஆலைகள் உடனே கரைப்பானில் போடுவதில்லை. இரவு விரியும்வரை பரப்பிவைத்துக் காத்திருக்கின்றன. பூ தொடுத்த வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்திருந்த பொறுமை அது. செண்ட் கடையில் மட்டும் நமக்கு அது மறந்துபோகிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

போன தடவை மகளை விடவில்லை. அவள் தேர்ந்தெடுத்ததை ஒரு மணிக்கட்டிலும், வேண்டாமென்று ஒதுக்கியதை இன்னொன்றிலும் அடிக்கச் சொன்னேன். "தேய்க்காதடி, அப்படியே விடு." சாப்பிட்டுவிட்டு, ஜவுளிக்கடை ஏறி இறங்கி, வெயில் தாழ்ந்து திரும்பியபோது முதல் கையில் வெனிலா மட்டும் இருந்தது. அடுத்த கையை முகர்ந்தவள், "இதுல பாட்டி தலைப்பூ வாசனை வருதும்மா" என்றாள். அதையே வாங்கினோம்.